உப்புத் தண்ணீர் ஊரில் நித்தியகல்யாணி



தூத்துக்குடியில் பூச்செடி வளர்க்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது உப்பை. விதை, உரம், தொட்டியெல்லாம் அதற்குப் பிறகுதான். தெரேஸ்புரத்திலோ முத்தையாபுரத்திலோ ஆறுமுகநேரியிலோ குடியிருப்பவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. கிணற்றில் வாளியை இறக்கினால் வாயில் வைக்க முடியாத தண்ணீர் வருகிறது. கொண்டல் வீசும் நாளில் ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் பிசுபிசுக்கிறது. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் வீட்டுக்குள் இருக்கிற குடங்கள் நிறைவதே பெரிய காரியம்; செடிக்கு எங்கே மிச்சம்? மழையும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மற்ற மாதங்களில் உப்பளத்துக்கு உகந்த வெயில்தான். அந்த வெயில் உப்பு விளைவிக்கும். ரோஜாவை விளைவிக்காது.

இருந்தும் இந்த ஊரில் பூவுக்கு ஆசைப்படாத வீடு இல்லை. வாசலில் பெயிண்ட் டப்பாவிலாவது ஒரு செடி நிற்கும். இப்போது அந்த ஆசைக்குக் கைபேசியும் தீனி போடுகிறது. அமெரிக்கத் தோட்டங்களின் படங்கள் வருகின்றன. எக்கினேசியா என்ற பூவைப் பலர் பார்த்திருப்பீர்கள்: ஊதா இதழ்கள் கீழே சரிந்திருக்க, நடுவில் ஆரஞ்சு நிறக் கூம்பு முட்கள் விறைக்க எழுந்து நிற்கும். அழகான பூதான். மருந்துச் செடி என்ற பெயரும் அதற்கு உண்டு. அந்த நாட்டுப் பழங்குடி மக்கள் அதன் வேரைப் பல நோய்களுக்குக் கொடுத்து வந்தார்கள். ஆனால் அது வட அமெரிக்கப் புல்வெளியில் பிறந்த செடி. பனிக்காலத்தில் மண்ணுக்கு மேலே காய்ந்து, வேர் மட்டும் உறங்கி, வசந்தத்தில் மீண்டும் தளிர்ப்பது அதன் ஆண்டுக் கணக்கு. அந்தக் குளிரை மார்கழி மாதத்துத் தூத்துக்குடியில் எங்கே தேடுவது? விலை கொடுத்து விதை வாங்கி ஏமாறுவதை விட, அந்தப் பூவிடம் நாம் விரும்பும் குணங்களெல்லாம் கொண்ட ஒரு செடி நம் வாசலிலேயே நிற்பதைப் பார்க்கலாம். வெயில் தாங்கும், ஆடு மாடு கடிக்காது, மாதக்கணக்கில் பூக்கும், உலகமே அறிந்த மருந்தைத் தன்னுள் வைத்திருக்கும். அதுதான் நித்தியகல்யாணி. இன்றைய உரை அந்தச் செடியை வளர்க்கும் கலையைப் பற்றியது. அதைக் கலை என்றே சொல்கிறேன். எளிதாக முளைக்கிற செடி என்பதால் அதை வளர்ப்பதில் நுட்பம் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அந்த நினைப்பை மாற்றுவதற்காகத்தான் இங்கே பேச வந்தேன்.

நித்தியகல்யாணியின் தாயகம் இந்தியப் பெருங்கடலின் மறுபக்கத்தில் இருக்கும் மடகாஸ்கர் தீவு. அங்கேயும் அது கடலோர மணலிலும் வறண்ட தரையிலும் வளர்ந்த செடி. நம் கடற்கரை அதற்கு அந்நியமாகத் தோன்றாததில் வியப்பில்லை. இலையின் மேல் மெழுகு பூசினாற்போன்ற பளபளப்பு; ஆழ இறங்கும் வேர். காய்ச்சலான மண்ணில் பிழைப்பதற்கான ஏற்பாடுகளோடுதான் அது கப்பலேறி வந்தது. இந்தச் செடிக்கு உறவான சிறு செடி ஒன்று இந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாகவே உண்டு. வயல் வரப்புகளில் முளைக்கும், முழங்கால் உயரம்கூட வராது, வெள்ளையாகப் பொடிப்பொடிப் பூ. அதை யாரும் தோட்டத்தில் வைப்பதில்லை. தோட்டத்துக்கு வந்தது மடகாஸ்கர்ச் செடி.

நம் வீடுகளில் பழைய நாளிலிருந்து நிற்பவை மூன்று நிறங்கள். இளஞ்சிவப்பு கலந்த ஊதா, தூய வெள்ளை, வெள்ளைக்கு நடுவே சிவப்புக் கண். இவற்றில் மூன்றாவதே எனக்கு உகந்தது. உச்சி வெயிலில் இளஞ்சிவப்பு மங்கித் தெரியும். வெள்ளை கண் கூசும். செங்கண் வெள்ளை மட்டும் எந்த வெளிச்சத்திலும் தன் உருவத்தை இழக்காது. மொட்டாக இருக்கும்போது ஐந்து இதழும் ஒரே பக்கமாக முறுக்கிச் சுருண்டிருப்பதையும், விரிந்த பின்னும் ஒவ்வோர் இதழின் விளிம்பில் அந்த முறுக்கின் சாயல் தங்கியிருப்பதையும் அருகில் குனிந்து பாருங்கள். நடுவில் ஓர் ஊசித்துளை தெரியும். அதற்குக் கீழே ஓர் அங்குல நீளத்துக்குக் குழல். தேன் அந்தக் குழலின் அடியில். நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும்தான் அது எட்டும்.

இவ்வளவு அழகு இருந்தும் இந்தச் செடிக்குச் சில வீடுகளில் இடம் கிடைப்பதில்லை. சுடுகாட்டு மல்லி என்றும் அதற்கு ஒரு பெயர் இருப்பதால், வீட்டில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. கல்லறைத் தோட்டங்களில் அது நிறைய நிற்பது உண்மை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று நம் ஊர்க் கல்லறைகளுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: வைத்த மாலைகள் மறுநாள் வாடிவிடும், மண்ணில் நின்ற நித்தியகல்யாணி மட்டும் அடுத்த வருடம்வரை பூத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடத்தில் பூக்கக்கூடிய செடி என்பதால் நம் முன்னோர் அதை அங்கே வைத்தார்கள். அந்தத் திறமையைக் குற்றமாக எண்ணி வீட்டு வாசலிலிருந்து விலக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பூக்கடையிலும் அதற்கு மதிப்பில்லை. மல்லியும் பிச்சியும் முழம் போட்டு விற்கும்போது, காம்பில்லாத, மணமில்லாத, தொடுத்தால் நிற்காத பூவை யார் வாங்குவார்? விலை இல்லாததால்தான் அதை வளர்ப்பதற்கு யாரும் இலக்கணம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, வளர்க்கும் முறைக்கு வருவோம்.

பூ உதிர்ந்த இடத்தில் இரண்டு மெல்லிய காய்கள் இணையாக நிமிர்ந்து நிற்கும். பச்சை மாறி மஞ்சளோடிய பதத்தில் பறிக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் காய் வெடித்து விதை தரையில் கொட்டிவிடும். உள்ளே கறுப்பாக, கடுகைவிடச் சிறிய விதைகள் இருக்கும். நிழலில் உலர்த்திக் காகிதப் பொட்டலத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் கோத்துக்கொள்ளும். விதைக்கும்போது அதைப் போல் பத்து மடங்கு மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே மெல்லிய மண் போர்வை அவசியம். நித்தியகல்யாணி விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும். பலர் விதையை மண்ணின் மேலே தூவிவிட்டு வெளிச்சத்தில் வைத்துக் காத்திருக்கிறார்கள். பிறகு விதை பழசு என்று முடிவு கட்டுகிறார்கள். ஈரமான சாக்குத் துணியால் மூடி வைத்துப் பாருங்கள். பத்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் முளை தலைகாட்டும். அன்றைக்கே சாக்கை எடுத்துவிட வேண்டும். விட்டால் நாற்று வெளிறி நீண்டு சாய்ந்துவிடும்.

மண்ணுக்குக் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டது, தெரியும். மணல் கிடைக்காத இடத்தில் செங்கல் தூளும் உடைந்த ஓட்டுச் சில்லும் போதும். தேரி மணல்மேட்டின் செம்மண் கிடைக்கிற திருச்செந்தூர்ப் பக்கத்து நேயர்கள் கொடுத்து வைத்தவர்கள். தண்ணீர் தேங்காத மண் அது. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல்காரர்கள் அதற்கு நேர்மாறு. கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கே தரையில் நடுவதானால் பாத்தியை ஒரு சாணாவது மேடாக்கிக்கொள்வது நல்லது.

இனி தண்ணீர். இந்தக் கலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன். நித்தியகல்யாணி ஓரளவு உப்பைத் தாங்கும். தாங்கும் என்பதற்காக ஊற்றிக்கொண்டே இருந்தால் இலையின் ஓரம் பழுப்பேறிக் கருகும், பூ சிறுக்கும். தரையில் நிற்கும் செடிக்கு மழை வந்து உப்பைக் கீழே இறக்கிவிடும். தொட்டிச் செடிக்கு அந்த வசதி இல்லை. நாம் ஊற்றும் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு அங்கேயே தங்கும். மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும் படிவத்தைப் பார்த்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். இப்போது வீட்டுக்கு வீடு குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வந்துவிட்டது. அது கழித்து வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். சிக்கனம் நல்ல குணம்தான். ஆனால் குழாய்த் தண்ணீரில் இருந்த உப்பு முழுவதும் செறிந்து சேர்ந்திருப்பது அந்தக் கழிவுத் தண்ணீரில். வாசல் தெளிக்கவும் தரை கழுவவும் அது ஆகட்டும். தொட்டிக்கு வேண்டாம். மீன் கழுவிய தண்ணீரும் இப்படித்தான். கல் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய தண்ணீர் தென்னைக்குப் போகலாம், நித்தியகல்யாணித் தொட்டிக்குப் போகக் கூடாது. அரிசி களைந்த தண்ணீர் போதும் அதற்கு. ஐப்பசி மழை தொடங்கியதும் தொட்டிகளை ஒருமுறை வெட்டவெளியில் வைத்து, அடித்துளை வழியே தண்ணீர் நன்றாக ஓடும்வரை நனையவிடுங்கள். ஒரு வருடத்து உப்பு அதோடு போய்விடும்.

எப்போது ஊற்றுவது? மண்ணில் விரலை முதல் கணு வரை நுழைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் செம்பை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மதிய வெயிலில் இலை துவண்டிருப்பதைப் பார்த்துப் பதறி ஊற்றுகிறவர்கள் அதிகம். அந்திக்குள் அது தானாகவே நிமிர்ந்துவிடும். காலையிலும் துவண்டிருந்தால்தான் தாகம்.

இந்தச் செடி வறட்சியில் சாவதில்லை. வெள்ளத்தில் சாகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது; ஒரு முழு வருடத்தில் நாம் எதிர்பார்க்கிற மழையைவிட அது அதிகம். தூத்துக்குடித் தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. வேரை நீர் மூடினால் அழுகல் பூஞ்சை புகுந்துவிடும். நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்கும். அந்தக் கறுப்பு தண்டுக்கு வந்துவிட்டால் செடியைக் காப்பாற்ற வழியில்லை. பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்றச் செடிகளுக்கு நல்லது. அடைமழை அறிவிப்பு வந்தால் தொட்டியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள், அல்லது தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். பெரிய வேலை இல்லை, ஆனால் அன்றைக்கு நமக்கு வேறு ஆயிரம் கவலை இருக்கும். ஆகவே புரட்டாசியிலேயே தொட்டிகளுக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்து உயர்த்தி வைப்பது என் பழக்கம்.

வெயில் அரை நாளாவது நேரே விழ வேண்டும். நிழலில் இலை தழைக்கும், பூ வராது. நாற்று நான்கு விரல் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளும்போது கை தயங்கும். ஆனால் கிள்ளாத செடி ஒற்றைக் குச்சியாக உயர்ந்து, ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஒடிந்துவிடும். கிள்ளிய செடி பக்கக் கிளை விட்டு, அகலமாய், தாழ்வாய், காற்றுக்கு இடம் கொடுத்து நிற்கும். உரம் குறைவாகவே போதும். மாதம் ஒரு கைப்பிடி மட்கிய சாணம் போட்டால் திருப்தியாகப் பூக்கும்.

பூச்சிகள் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாள் காலையில் ஒரு கிளை முழுவதும் மொட்டையாகியிருக்கலாம். தேடிப் பார்த்தால் விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள் போன்ற புள்ளிகளோடு, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அரளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு அது. ஆடு முகர்ந்துவிட்டு விலகுகிற கசப்பு அந்தப் புழுவுக்கு உணவு. தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். ஒரு செடியில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இலை மறுபடி தளிர்க்கும். அந்தப் புழுவிலிருந்து வெளிவரும் பச்சைச் சலவைக்கல் நிறச் சிறகை ஒருமுறை பார்த்தவர் அந்த இழப்பைப் பொருட்படுத்த மாட்டார். விட்டுவைக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. இலைகள் மிகச் சிறுத்து, கொத்துக் கொத்தாக நெருங்கி, பூவே பச்சை இலையாக மாறத் தொடங்கினால் அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி கொண்டுவந்து சேர்ப்பது. மருந்தில்லை. வேரோடு எடுத்துவிடுங்கள். அந்த அமெரிக்கக் கூம்புப் பூவுக்கும் இதே வகை நோய் வருகிறது; அங்கேயும் பிடுங்கிப் போடுவதைத் தவிர வழி கண்டுபிடிக்கவில்லை.

நாற்றங்காலில் இப்போது வின்கா என்ற பெயரில் புதிய ஒட்டு ரகங்கள் விற்கிறார்கள். அடர் சிவப்பு, பவள நிறம், இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பெரிய பூக்கள். கண்ணைப் பறிக்கும். தென்னைநார்க் கழிவில், நல்ல தண்ணீரில், பந்தல் நிழலில் வளர்ந்து வந்தவை அவை. நம் வீட்டு உப்புத் தண்ணீரில் முதல் பருவம் முடிவதற்குள் பல செடிகள் சோர்ந்துவிடுகின்றன. அவற்றின் விதையை எடுத்து விதைத்தால் தாயைப் போல வருவதும் இல்லை. ஒரு பருவத்து அழகுக்கு வாங்குவதில் தவறில்லை. தலைமுறையாக வைத்துக்கொள்ள நாட்டு ரகமே என் தேர்வு. அது தானே விதைத்து, சுவர் இடுக்கில் முளைத்து, தை மாதத்தில் நம்மைக் கேட்காமலே வாசலில் நின்றுவிடும்.

வாசலில் நிற்கும் இந்தச் செடியை வயலாகப் பயிர் செய்கிறவர்களும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் சென்னா என்னும் நிலவாகையைப் போலவே நித்தியகல்யாணியும் பணப்பயிர். விதைத்த ஆறாம் மாதம் ஒருமுறை, ஒன்பதாம் மாதம் ஒருமுறை இலை உருவுவார்கள். ஒரு வருடம் முடிந்ததும் வேரைத் தோண்டி எடுப்பார்கள். உலர்ந்த இலையும் வேரும் மூட்டையாகித் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடு போகும். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோன கடற்கரை இது. கடலுக்குள் மூழ்கி எடுத்த செல்வத்தை உலகம் அறியும். வானம் பார்த்த நிலத்தில் உருவி உலர்த்திய இந்த இலையின் செல்வத்தை ஊருக்குள்ளேயே பலர் அறியவில்லை.

அந்த இலையில் என்ன இருக்கிறது? 1952-இல் ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர், கனடாவில் இருந்த கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஓர் உறையில் கொஞ்சம் நித்தியகல்யாணி இலைகளை அனுப்பினார். அங்கே நீரிழிவுக்கு இதைக் கஷாயமாகக் குடிக்கிறார்கள், உண்மையா என்று பாருங்கள் என்பது செய்தி. கிளார்க் அதைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகளின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரசரவென்று குறைந்தன. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று இலையைத் தூக்கிப் போட்டிருக்கலாம். ராபர்ட் நோபிள் போடவில்லை. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அவரும் உடன் ஆய்வாளர் சார்லஸ் பியரும் சேர்ந்து பிரித்தெடுத்த பொருள் 1958-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதுவே வின்பிளாஸ்டின். தொடர்ந்து எலி லில்லி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வின்கிரிஸ்டினைக் கண்டார்கள். 1963-இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே கட்டப்படும் இழைகளை இவை கட்டவிடாமல் தடுக்கின்றன. பெருகத் துடிக்கும் புற்றுச் செல் பாதியிலேயே நின்றுபோகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் முன்வரிசை மருந்து. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவைப்படும் அளவுக்கு அது செடியில் அரிதாக ஒளிந்திருக்கிறது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு நித்தியகல்யாணிப் பூவை வெறும் வயிற்றில் மெல்லுங்கள், இலையைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று கைபேசியில் செய்தி சுற்றுகிறது. நம்பாதீர்கள். எலியின் வெள்ளை அணுக்களைக் குறைத்த அதே இலை நம் உடம்பிலும் நோய் எதிர்க்கும் அணுக்களைக் குறைக்கக்கூடும், நரம்புகளையும் தாக்கும். மருத்துவமனையில் இந்த மருந்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தப் பரிசோதனை செய்து, இரத்தக் குழாய் வழியே மட்டும் ஏற்றுகிறார்கள். ஒரு செடியின் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று அடுப்படியில் யாரால் அளக்க முடியும்? கர்ப்பிணிகளுக்கு இது மிகவும் ஆபத்து. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் தொட்டியை அவர்கள் கைக்கு எட்டாத மேடையில் வையுங்கள். இலை கிள்ளிய கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். கண்ணுக்கு விருந்தாக இருக்கட்டும் இந்தச் செடி. அதன் மருந்து மருத்துவர் கையில் இருக்கட்டும்.

விதை எடுக்க ஏற்ற காலம் மாசி, பங்குனி. மழையில் தழைத்த செடிகளில் காய் முற்றும் பருவம் அது. ஒரே நிறம் வேண்டுமென்றால் அந்த நிறச் செடியைத் தனியே நகர்த்தி வைத்துப் பூக்கவிட்டு அதிலிருந்து எடுங்கள். பக்கத்தில் வேறு நிறம் நின்றால் அந்துப்பூச்சி கலந்துவிடும். எடுத்த விதையை ஆவணிக் கடைசியில் விதைத்தால் மழைக்கு முன் நாற்று வேர் பிடித்துவிடும். பக்கத்து வீட்டுக்குப் பொட்டலம் கொடுக்கும்போது அதன் மேல் இரண்டு செய்திகளை எழுதிக் கொடுங்கள்: இருட்டில் முளைக்கும், வாயில் வைக்கக் கூடாது.